மேலே வலை, கீழே ஓட்டை

தயாளனுக்கு வலது தோள் கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் சரக்கு தூக்கிய தோள். காலையிலிருந்து மீன் குளத்துக்கு மேல் வலை கட்டியதில் அது மொத்தமாகக் கோபித்துக்கொண்டது. ஆனாலும் ஏணியை விட்டு இறங்கவில்லை. கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் மச்சான் மோகனராஜ் உட்கார்ந்திருந்தான். அவனிடம் போய் வலிக்கிறது என்று சொல்வதை விட வலியையே வைத்துக்கொள்ளலாம்.

"அந்த மூலைல ஒரு பீரங்கியும் வெச்சுருலா மச்சான்," என்றான் மோகனராஜ்.

குளம் என்றால் வீட்டுக்குப் பின்னால் தோண்டி சிமெண்ட் பூசிய பள்ளம். அதில் முப்பது திலாப்பியா. எட்டு மாதமாகத் தீனி போட்டு வளர்த்தவை. மகள் ரூபினியின் மாமனார் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக விருந்துக்கு வருகிறார்கள். "கடை மீன் என் வீட்டுச் சட்டில ஏறாது சம்மந்தி, நானே வளக்குறேன்," என்று கல்யாண மண்டபத்தில் நாலு பேர் கேட்கச் சொல்லிவைத்திருந்தான் தயாளன். போன வாரம் கொக்கு மூன்றைத் தூக்கிவிட்டது. அதனால்தான் நாலு இரும்புக் கம்பி, ஆள் உயரத்தில் வலை, வெயிலில் மின்ன நாலைந்து பழைய சிடி.

"எதிரி எப்பவும் மேலேருந்துதான் வருவான்," என்றான் தயாளன். "ஏரோப்ளேன் வெச்சிருக்கறவன் ஜெயிப்பான். கேஸ் முடிஞ்சது."

"கரையில கால வெக்கிறவன்தான் ஜெயிப்பான். குண்டு போட்டா ஊரு பயப்படும். பயந்த ஊரு உன் ஊராயிடுமா?"

இந்தச் சண்டை இவர்களுக்குப் பழசு. மோகனராஜ் முப்பது வருஷம் அக்கரையில் இருக்கும் பிறைக்கும் இந்தத் தீவுக்கும் நடுவே ஓடும் ஃபெரிப் படகில் கயிறு வீசியவன். கப்பல், கரை, இறக்குவது என்று பேச்சு வந்தால் தன் சொத்தைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவான். போனில் யுத்த வீடியோ பார்த்துப் பார்த்து இரண்டு பேருமே ஆளுக்கொரு ஜெனரல் ஆகியிருந்தார்கள். இத்தனைக்கும் ஒருத்தருக்குத் தோள் போச்சு, இன்னொருத்தருக்கு முட்டி போச்சு.

"ஜப்பான்காரன் இந்த ஊர எப்படிப் புடிச்சான்?" என்றான் தயாளன். "ஏரோப்ளேன். சனம் ரோட்டுல நின்னு வாயப் பொளந்து பாத்துச்சு. போட்டான் குண்டு. வெள்ளைக்காரன் மூட்டையக் கட்டுனான். அப்புறம் படகுல வந்தவன் சும்மா சாவி வாங்க வந்தவன்லா."

"சாவி யார் கையில இருக்கோ அவன்தான்டா வீட்டுக்காரன்! ஏரோப்ளேன் வந்து தங்குமா? பெட்ரோல் தீந்தா வீட்டுக்குப் போயிடும். எறங்கி வர்றவன் சட்டி பானையோட வருவான்." மோகனராஜ் காலை நீட்டிப் பின்சுவரைக் காட்டினான். சுவரின் அடியில், மழைத்தண்ணீர் லோங்காங் சாக்கடைக்கு ஓட விட்ட ஓட்டை. ஒரு நாய் தாராளமாக நுழையலாம். "அத அடை. அந்தப் பக்கம் ஆறு. ஆத்துல நீர்நாய் இருக்கு."

"நீர்நாய் என் வீட்ட கூகுள்ல தேடிட்டா வரும்?"

அன்று சாயங்காலம் பஷீரின் தேநீர்க் கடையில் தே குடிக்கும்போதும் அதே பேச்சு. தயாளனுக்கு ரோஷம் வந்து எழுந்தே நின்றான். "அந்த ஓட்டை வழியா ஒரே ஒரு மீன் போகட்டும். இதே கடையில, எல்லார் முன்னாலயும், 'மச்சான், நீ சொன்னதுதான் சரி'ன்னு சொல்றேன்."

"பஷீர் பாய், கேட்டுக்கிட்டீங்களா?" என்றான் மோகனராஜ்.

"கேட்டுக்கிட்டேன்," என்றார் பஷீர், தேயை ஆற்றிக்கொண்டே.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மனைவி நவமணி கூப்பிட்ட சத்தத்தில் தயாளன் துடைப்பத்தோடு ஓடினான். ஆறு நீர்நாய்கள். கல்யாண வீட்டுக்கு வந்தது போலக் குடும்பத்தோடு வந்திருந்தன. ஒன்று கரையில் மல்லாந்து படுத்து மீன் தலையைக் கடித்துக்கொண்டிருந்தது. துடைப்பத்தைப் பார்த்தது. அவசரப்படவில்லை. தின்று முடித்துவிட்டு, வந்த ஓட்டை வழியாகவே எல்லாம் வரிசையாகப் போயின. கலங்கிய தண்ணீரில் மிச்சம் நாலு மீன். மேலே வலையில் ஒரு நூல் அறுந்திருக்கவில்லை.

மோகனராஜ் வந்து பார்த்தான். முதலில் சிரிக்கவில்லை. தயாளனுக்கு அதுதான் தாங்கவில்லை.

"கொக்கு ஒரு வாரத்துல மூணு," என்றான் மோகனராஜ் மெல்ல. "இவனுங்க பத்து நிமிஷத்துல இருபத்திமூணு. ஆனா ஒண்ணு மச்சான், வலை ரொம்ப நல்ல வலை."

"அண்ணே, கேலி பண்ணது போதும்," என்றாள் நவமணி. "நாளைக்குச் சம்மந்தி தட்டுல என்னத்த வெக்கிறது? இவரு தோள்பட்டையையா?"

மோகனராஜ் மோட்டார் சைக்கிளை எடுத்தான். ஃபெரி ஏறி, கடல் தாண்டி, நிபோங் தெபாலில் தெரிந்த ஒருவரின் குளத்துக்குப் போனான். மத்தியானம் ஐஸ் பெட்டியோடு திரும்பி வந்து வாசலில் தொப்பென்று வைத்தான். இருபது திலாப்பியா.

"கடல் வழியா வந்து எறக்கிட்டேன். பாத்துக்க."

தயாளன் பர்ஸை எடுத்தான். மோகனராஜ் கையைத் தட்டிவிட்டான். "காசு யாருக்குடா வேணும்? பஷீர் கடைல சொன்னத சொல்லு, போதும்."

ஞாயிறு மதியம் சம்மந்தி புவனேஸ்வரன் மூன்றாவது மீனுக்கு வந்ததும் நிமிர்ந்தார். "கையால வளத்த மீனுன்னா அந்த ருசியே தெரியுது சம்மந்தி."

தயாளனுக்கு முள் சிக்கவில்லை, ஆனாலும் இருமினான். ரூபினி அப்பாவைப் பார்த்துவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

சாப்பிட்டதும் சம்மந்தி குளத்தைப் பார்க்க வேண்டும் என்றார். நாலு மீன் ஆளுக்கொரு மூலையில் நின்றன.

"எல்லாம் உங்க தட்டுக்கு வந்துருச்சு," என்று மோகனராஜ் முந்திக்கொண்டு காப்பாற்றினான்.

"இந்த வலை?"

"கொக்கு வரும் சம்மந்தி. எதிரி மேலேருந்துதான்," என்றான் தயாளன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

புவனேஸ்வரன் சுவரடியைப் பார்த்தார். ஓட்டையில் நேற்றே சொருகிய புத்தம்புதுக் கம்பி வலை பளபளத்தது. "அப்ப அது எதுக்கு?"

மோகனராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முகம் முழுக்க சிரிப்பு.

"அது..." தயாளன் வலது தோளைத் தேய்த்தான். "சும்மா. பாதுகாப்புக்கு."

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. தயாளன் இப்போது தேயை வீட்டிலேயே குடிக்கிறான். பஷீர் கடைப் பக்கம் போவதில்லை. மச்சானுக்கு அவன் கொடுக்க வேண்டியது ஒரே ஒரு வரி, எல்லார் முன்னாலும் எழுந்து நின்று: 'நீ சொன்னதுதான் சரி.' இன்னும் கொடுக்கவில்லை.