நான்கு கம்ப்யூட்டரும் எலுமிச்சம்பழமும்

வைரஸுக்கும் கண் திருஷ்டிக்கும் ஒரே மருந்துதான் என்று ஆறுமுகசாமி முடிவு கட்டிவிட்டார். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவர் நடத்திய பிரவுசிங் சென்டரில் நான்கு கம்ப்யூட்டர்கள். வெள்ளிக்கிழமைதோறும் நான்குக்கும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுவார். கட்டிய நாளிலிருந்து வைரஸே அண்டவில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை வேறு. அதே வாரம்தான் மகள் பொன்மணி ஆன்ட்டி வைரஸ் போட்டாள் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்.

பொன்மணிக்கு அந்த 2003இல் கல்லூரியில் கடைசி வருஷம். ஆசையெல்லாம் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலைமேல்தான். பெங்களூரில் அதற்கென்றே கம்பெனிகள் இருந்தன. திருடன் எந்த ஓட்டை வழியாக நுழைந்தான், எந்தப் பூட்டு நிஜமாகவே தடுத்தது, எது சும்மா தொங்கியது என்று சோதித்துப் பார்த்துச் சொல்கிறவர்கள். அவர்களோடு போய் உட்கார வேண்டும் என்று அவள் நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது.

"ஏட்டி, கம்ப்யூட்டருக்கு வாட்ச்மேன் வேலையா?" என்று சித்தி சுடலையம்மாள் சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

முதல் சோதனையை அப்பாவிடமே வைத்தாள். "ரெண்டுல நான் போட்ட ஆன்ட்டி வைரஸை எடுத்துருதேன், அதுக்கு நீங்க பழம் மட்டும் கட்டுங்க. மத்த ரெண்டுக்கும் பழம் வேண்டாம், ஆன்ட்டி வைரஸ் மட்டும் இருக்கட்டும். ஒரு மாசம் பாப்போம்பா."

"பாரு, பாரு. சாமிகூட மோதுத நீ," என்றார் அவர்.

மாதம் முடிவதற்குள் பழம் கட்டிய இரண்டும் யாரோ கொண்டுவந்த பிளாப்பியால் படுத்துவிட்டன. அதே பிளாப்பியை மற்ற இரண்டிலும் போட்டுக் காட்டினாள். வைரஸ் உள்ளே நுழைய முடியவில்லை. ஆறுமுகசாமி வாடிய பழங்களை அவிழ்த்துக் குப்பையில் போட்டார். தோற்றால் ஒப்புக்கொள்ளும் மனிதர்தான், முகம்தான் கொஞ்ச நாள் தொங்கிக் கிடந்தது.

பெங்களூரிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டபோது அந்த நியாயம் எங்கே போனதோ!

"பொம்பளப் புள்ளய அம்புட்டு தூரம் தனியா விடமுடியாது. நம்ம சொந்தத்துல யாரும் அனுப்புனதில்ல. யாரு புள்ளைக்கும் ஒண்ணும் ஆனதுமில்ல."

"அனுப்பிப் பாக்காமலே எப்படிப்பா தெரியும்? இதுவும் நீங்க கட்டுன எலுமிச்சம்பழம்தான்."

அவர் எழுந்து போய்விட்டார். பொன்மணி கடையிலேயே பழியாய்க் கிடந்தாள். பெங்களூர் பஸ் ஹாரன் கேட்டால் போதும், வாசலுக்கு ஓடுவாள். அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துவிட்டு வந்து உட்காருவாள். மகள் இப்படி ஏங்கிப்போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை போலும், ஒருநாள் அவரே டிக்கெட் எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார்.

புறப்படும் சாயங்காலம், பெட்டியை ஏற்றிவிட்டு இறங்கிய அப்பாவைக் காணவில்லை. அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். முன்சக்கரத்தடியில் குனிந்து எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். தரை சரிவு, வைக்க வைக்கப் பழம் உருண்டோடியது. மூட்டுவலிக் காலை இழுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனார். டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

அந்தப் பழத்தால் எதையும் தடுக்க முடியாது என்று நிரூபித்தவளே அவள்தான்.

"டிரைவர் அண்ணாச்சி, வண்டிய எடுத்துராதீங்க!" என்று கத்திக்கொண்டு பொன்மணி இறங்கி ஓடினாள். பழத்தைப் பிடித்து, சக்கரத்தடியில் வைத்து, மறுபடி உருளாதபடி ஒரு கல்லை அண்டக்கொடுத்தாள்.