வெள்ளிக்கிழமைக் கேசட்

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை உமாராணி பையில் வைத்துக்கொண்டிருந்தபோது காலிங்பெல் அடித்தது. அவள் கணவர் வெண்டல் விடியற்காலையில்தான் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார். பிணவறையிலிருந்து ஆள் வந்துவிட்டதோ என்று பதறித் திறந்தாள். விஜயபாஸ்கர் நின்றிருந்தான். வெண்டலின் பேண்டில் பேஸ் கிடார் வாசிப்பவன், மதுரைக்காரன். கையில் ஒரு டேப் ரெக்கார்டரும் கேசட்டும்.

"அக்கா, இது மாஸ்டரோடது. இனிமே எங்கிட்ட இருக்கக் கூடாது."

"அவரோட கேசட்டா? அவருக்குத்தான் ரெக்கார்டு பண்றதே ஆகாதே."

ஆகாதுதான். நியூயார்க்கில் சொந்தமாக ஜாஸ் பேண்ட் நடத்திய டிரம்மர். கணக்கும் தாளமும் எதற்கு, அந்த நேரத்தில் கைக்கு வருவதுதான் இசை என்று அடம்பிடித்தவர். அந்த இசையைச் சீந்த ஆளில்லாமல் போனதும், வளைகுடாப் பக்கம் மனாமா நகரத்து ஓட்டல் ஒன்றில் டான்ஸ் பாட்டுக்கு அடிக்க வந்தார். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் குதைபியா பகுதியில் இருந்த வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் இஷ்டத்துக்கு வாசிப்பார். அடித்தது காற்றோடு போய்விட வேண்டும் என்பது அவர் சட்டம். கல்யாணமான வருஷம் அவள் ஆசை ஆசையாக, திருட்டுத்தனமாகப் பதிவு செய்த ஒரே டேப்பையும் அவள் கையாலேயே அழிக்க வைத்தார். பைத்தியக்காரி, அழித்தாள். அதை ஒன்பது வருஷமாகப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மாசம் ஒண்ணு பதிவு பண்ணுவாருக்கா. அமெரிக்காவுல இருக்குற மொதத் தாரத்து மக நோராவுக்கு. நாந்தேன் போஸ்ட் பண்ணுவேன். ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. இது போன வாரத்தது, இன்னும் அனுப்பல."

அவளை அழிக்க வைத்தவர் மகளுக்கு மாசம் ஒன்று அனுப்பியிருக்கிறார். ஆனாலும் அவர் வாசிப்பை, நடுவில் கதவு இல்லாமல், ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும்.

"போடு."

டிரம்ஸ் தகரக் கூரையில் விழும் மழை மாதிரி பொழிந்தது. நடுவில் கதவு தட்டும் சத்தம். சாப்பாடு ஆறுகிறது என்று அவள் ஆங்கிலத்தில் கூப்பிடும் குரல். வாசிப்பு நின்றது. வெண்டல் மகளிடம் சிரித்தபடி சொன்னார்: "ஒன்றுமில்லை கண்ணே, வீட்டு வேலைக்காரி."

விஜயபாஸ்கர் பாய்ந்து நிறுத்தினான். "இது எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது."

"பாவி," என்றாள். அழுகை வரவில்லை. பிறகு, "அந்தப் பொண்ணுக்கு அவர் போன விஷயம் தெரியுமா?" என்றாள்.

"இன்னும் யாரும் சொல்லலக்கா."

டேப்பை அவளே பின்னால் ஓட்டினாள். தன் குரல் முடிகிற இடத்தில் நிறுத்தி, பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

"நோரா," என்றாள் ஆங்கிலத்தில். "கதவைத் தட்டியது நான். என் பெயர் உமாராணி."

பதிவை அவள் நிறுத்தவில்லை. கேசட்டின் அந்தப் பக்கத்தில் இன்னும் அரைமணி நேரம் அவர் வாசிப்பு இருந்தது. அதை அழித்தபடி டேப் சுழன்றுகொண்டே போனது. விஜயபாஸ்கர் நிறுத்துவதற்குக் கையை நீட்டினான். அவள் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டாள்.