சார்ந்து வாழ்பவர்

கோட்டின் கை நீளமாக இருந்தது. என்னிடம் கொடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் குறைத்துத் தந்திருப்பேன். தொழிலதிபருக்குக் கடைக் கோட்டுதான் கம்பீரம் என்று விசா ஏஜென்ட் சொல்லிவிட்டான், என் வீட்டுக்காரரும் மண்டையை ஆட்டிவிட்டார். மேலே கோட்டு, கீழே அரைக்கால் சட்டை. வீடியோ நேர்காணலில் இடுப்புக்குக் கீழே யார் பார்க்கப்போகிறார்கள்?

மருத்துவமனை நர்சுகளுக்குச் சீருடை தைக்கும் கடை எங்களுடையது. எங்களுடையது என்பது வாய்ப் பழக்கம். ஆர்டர் பிடிப்பது, அளவெடுப்பது, வெட்டுவது, ஏழு மெஷினையும் கட்டி மேய்ப்பது எல்லாம் நான். அவர் வேலை, பன்னிரண்டு மணிக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஊரே முன்னேறிவிட்டது, நாம்தான் இங்கேயே கிடக்கிறோம் என்று பெருமூச்சு விடுவது.

வெளிநாட்டில் தொழில் தொடங்குகிறவர்களுக்குத் தனி விசா இருக்கிறதாம். யாரோ காதில் போட்டார்கள், அன்றிலிருந்து மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. கடைப் பதிவு அவர் பெயரில் இருந்ததால் நிறுவனர் அவர். நான் யாரென்று விண்ணப்பத்தில் தேடினேன். 'சார்ந்து வாழ்பவர்' என்று போட்டிருந்தது. யாரைச் சார்ந்து? 

ஏஜென்ட் அறுபது பக்கத்துக்குத் திட்டம் எழுதினான். செயலி உண்டு, செயற்கை நுண்ணறிவு உண்டு, ஊசியும் நூலும் மருந்துக்கும் கிடையாது. அதை இவர் மூன்று வாரம் மனப்பாடம் செய்தார். விசா வந்துவிட்டால் மெஷின்களை எடுத்துக்கொள்ள ஆள் பேசியாயிற்று. பதினான்கு வருடம் நான் உருவாக்கிய கடை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேர்காணல் அன்று, அதிகாரிகள் கூப்பிட்டால் மனைவியும் பேச வேண்டியிருக்கும் என்று, கேமராவில் படாமல் மேஜையின் பக்கவாட்டில் என்னை உட்கார வைத்தார்கள்.

"அவங்களா கூப்பிட்டாலொழிய வாயத் திறந்துடாதீங்க அக்கா. சார் பாத்துப்பாரு" என்றான் ஏஜென்ட்.

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்றார் இவர்.

சரி என்றேன்.

திரையில் ஓர் அதிகாரி, பக்கத்தில் தமிழில் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர். செயலியைப் பற்றிக் கேட்டார்கள். இவர் கடகடவென்று ஒப்பித்தார். கதவோரம் நின்ற ஏஜென்ட் கட்டைவிரலை உயர்த்தினான். அதிகாரி கோப்பை மூடினார். பிறகு, போகிறபோக்கில் கேட்பதுபோல் ஒன்று கேட்டார்.

"ஒரு நர்ஸ் சட்டைக்கு எவ்வளவு துணி ஆகும்?"

ஒன்றே முக்கால் மீட்டர். துவைத்தால் சுருங்கும் துணியென்றால் கொஞ்சம் கூட. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இவர் இருமினார். "அத வந்து... எங்க செயலியே கணக்குப் போட்டுடும் சார்."

"செயலி இன்னும் வரலைன்னுதானே சொன்னீங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர். "இப்ப எப்படி வெட்டுறீங்க? யோசிச்சே சொல்லுங்க, காத்திருக்கோம்."

ஏஜென்ட் என்னைப் பார்த்துக் கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினான். நான் சுவரைப் பார்த்தேன். இவர் திரையைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தார். மேஜைக்கு அடியில் அவர் கால் மட்டும் என் காலைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தது.

நான் இரண்டு கால்களையும் தூக்கி, நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.