மூணு வாய் சார்

பதினெட்டு வருடமாகச் சாப்பிட்டே சம்பளம் வாங்குகிறேன். கேட்பவர்களுக்கு வாயில் எச்சில் ஊறும். எனக்குக் குமட்டும். ஞாயிறு மலரில் உணவகங்களைப் பற்றி எழுதுவது என் வேலை. ஒரு மதியத்துக்குப் பத்துத் தட்டு, பத்தும் வெண்ணெயில் மிதக்கும். சமையல்காரர் பக்கத்தில் கைகட்டி நின்று என் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து "வாயில் வைத்ததும் கரைந்தது" என்று எழுத வேண்டும். எந்தப் பாவி அந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்தானோ, நான் மட்டும் நூறு தடவையாவது எழுதியிருப்பேன்.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்குக் கர்வம் உண்டு. நான் தட்டைக் கலைக்க மாட்டேன். எதுவானாலும் மூன்று வாய்தான். மீன் என்றால் வால் ஓரத்தில் கத்தியால் ஒரு சதுரம். கோழி என்றால் அடிப்பக்கத்தில் ஒரு சீவல். சூப் மூன்று கரண்டி. நான் எழுந்து போன பிறகு பார்த்தால் யாரும் தொட்டதாகவே தெரியாது. மற்ற பத்திரிகைக்காரர்கள் பிசைந்து, சிந்தி, எலும்பைத் துப்பிவிட்டுப் போவார்கள். அந்த மேஜைகள் பக்கமே நான் திரும்ப மாட்டேன்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். அத்தானுக்குக் குடலில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதமாகக் குழைந்த சோறுதான். இனி வெளியே சாப்பிடலாம், ஆனால் சுத்தம் முக்கியம், கிருமி உள்ளே போனால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"டேய், மனுஷன் நாக்கு செத்துப்போய்க் கிடக்கார். சுத்தமான இடமா ஒண்ணு சொல்லு. நீ சொன்னா கண்ணை மூடிக்கிட்டுக் கூட்டிட்டுப் போவேன்."

நான் ஒரு உணவகத்தைச் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முன் இதைப் பற்றித்தான், "இந்தச் சமையலறைத் தரையிலேயே பரிமாறிச் சாப்பிடலாம்" என்று எழுதியிருந்தேன். அவர்களாக அழைத்துப்போய்க் காட்டிய தரை அது.

இன்று அதே இடத்துக்கு மறுபடி எழுத வந்திருந்தேன். நான் கடைசித் தட்டில் இருந்தபோது அக்காவும் அத்தானும் உள்ளே வந்து தூண் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தார்கள். வேலை நேரத்தில் என் மேஜையில் யாரும் உட்காரக் கூடாது என்பது அக்காவுக்குத் தெரியும். தூரத்திலிருந்தே கையசைத்தாள். அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில் கல்யாண மாப்பிள்ளை போல விறைப்பாக இருந்தார்.

கை கழுவப் போனேன். தொட்டிக்குப் பக்கத்திலேயே சமையலறைக் கதவு. மாவு மூட்டை ஒன்று அதை மூட விடாமல் தடுத்துக்கொண்டிருந்தது.

"மூணு வாய் சார் டேபிள் வந்தாச்சு!" என்று உள்ளே ஒருவர் கத்தினார்.

பரிமாறுபவர் என் தட்டுகளை வரிசையாக மேடையில் வைத்தார். தலைமைச் சமையல்காரர் கழுத்து வியர்வையைத் துடைத்த துணியாலேயே தட்டு விளிம்புகளைத் துடைத்தார். கட்டைவிரலால் மீனைத் தள்ளி, நான் வெட்டிய சதுரத்தின் மேல் கீரைத் தழையை வைத்தார். மேலே குழம்பை ஊற்றினார். நான் மூன்று கரண்டி எடுத்த சூப்பு அண்டாவுக்கே திரும்பிப் போனது. கலக்கிவிட்டு, வேறு கிண்ணத்தில் மொண்டு அனுப்பினார்.

சுவரில் என் படம். ஞாயிறு மலரிலிருந்து வெட்டியது. கீழே பேனாவால் எழுதியிருந்தது: "இவருக்குப் புது எண்ணெய். புதுக் கரண்டி. மீதியைக் கொட்டாதே."

எத்தனை வருடமாக? எத்தனை சமையலறைகளில்? நான் தொழில் நேர்த்தி என்று மார்தட்டிக்கொண்டது இவர்களுக்கு இவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது. தொண்டை வரை வந்ததை விழுங்கினேன். அதுவும் அவர்கள் சமையல்தான்.

மீன் தட்டு வெளியே போனது, தூண் பக்கம். ஓடினேன். அத்தான் முள்கரண்டியைக் குத்தியிருந்தார். கையோடு பிடித்தேன்.

"சாப்பிடாதீங்க அத்தான்."

தழையை விலக்கிக் காட்டினேன். சதுரம் சுத்தமாக இருந்தது. என் கை அவ்வளவு பழகியது. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலாளி சிரித்துக்கொண்டே வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "சார், இதுக்குப் போய்! நீங்க தொட்ட மாதிரியா வைக்கிறீங்க? கொட்ட மனசே வரல சார். எல்லா இடத்துலயும் இப்படித்தான். அக்கான்னு முன்னாடியே சொல்லியிருந்தா புதுசாவே போட்டிருப்போமே. இப்ப போடச் சொல்றேன். விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும்."

அவர் பல்லிடுக்கில் கீரை ஒட்டியிருந்தது. அவர் 'நமக்குள்ள' என்றபோது எனக்கு உடம்பே கூசியது, ஏனென்றால் அது பொய்யில்லை.

அக்கா தட்டை அத்தானிடமிருந்து தள்ளி வைத்தாள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"உன் எச்சில் எனக்கு ஒண்ணும் புதுசு இல்லடா. நீ பாதி கடிச்சுக் குடுத்த மிட்டாயெல்லாம் தின்னிருக்கேன்." ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அங்க உக்காந்திருக்காங்களே, அவங்களுக்கு நீ யாரு? தம்பியா?"

ஜன்னல் ஓரத்தில் வயதான ஒரு தம்பதி. அந்த அம்மாள் சூப்பு குடித்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தின் பக்கத்தில் மடித்த செய்தித்தாள் துண்டு. தலைப்பு இங்கிருந்தே தெரிந்தது, என்னுடையது.

முதலாளி என் முழங்கையைப் பிடித்தார். உதறிவிட்டுப் போனேன்.

"அம்மா, குடிக்காதீங்க. அண்டாவுல நான் குடிச்ச மீதியை ஊத்தியிருக்காங்க."

அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு துண்டில் இருந்த சின்னப் படத்தைப் பார்த்தார்.

"நீங்கதானே எழுதினது?"

"ஆமாம்மா."

கைக்குட்டையை எடுத்தார். என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், நாக்கை வெளியே நீட்டி அழுத்தித் துடைத்தார்.