இடது பக்கம் சாய்ந்த தையல்

“இந்தத் தெருவுக்கு டோபி தெருன்னு ஏன் பேரு வந்துச்சு, யாருக்காச்சும் தெரியுமா?”

கேட்டது தேன்மொழி, எங்களுக்கு வழிகாட்டியாக வந்த பெண். இருபத்தைந்து வயதிருக்கும். மடக்கிய மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தபடி, ஜொகூர் பாருவின் பழைய தெருக்களில் எங்களைக் காலையிலிருந்து நடத்திக்கொண்டிருந்தாள். நாங்கள் யோங் பெங் மாதர் சங்கத்துப் பெண்கள், பதினெட்டுப் பேர்.

பிரேமலா என் இடுப்பில் இடித்தாள். “சொல்லேன். சின்ன வயசுல இங்கதானே இருந்தேன்னு சொன்ன?”

“ஊர்லதான் இருந்தேன். இந்தத் தெருவுல இல்ல.”

“அப்புறம் ஏன் அந்த மூலைக் கடையையே பார்த்துக்கிட்டு வர்ற? அங்க யாரு, உன் பழைய ஆளா?”

“ஆமா, எழுபத்தஞ்சு வயசுல பல்லு கட்டிட்டு வந்து நிக்கிறான். பேசாம நட.”

கிளம்புவதற்கு முதல் நாள் என் அக்கா பேச்சியம்மாள் பாலோவிலிருந்து போன் செய்திருந்தாள்.

“ஜொகூர் பாருவுக்கா போற?”

“கோயிலுக்கு அக்கா. சங்கத்துல கூட்டிட்டுப் போறாங்க.”

“கோயிலுக்குப் போ. கடை கண்ணிக்குப் போ. அந்தத் தெருவுக்கு மட்டும் போயிடாத.”

“அங்க எனக்கு என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல. அதான் சொல்றேன்.”

மூலையில் இருந்தது சதாசிவம் டோபி கடை. இப்போது அது காப்பிக் கடை. எழுபத்து மூன்றில் நானும் அக்காவும் அங்கே வேலை பார்த்தோம். எனக்குப் பதினாறு, அவளுக்கு இருபத்து மூன்று. துணிகளுக்குக் குறி போடுவது அக்காவின் வேலை. எந்தத் துணி எந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதை அந்தக் குறிதான் சொல்லும். பருத்தித் துணி என்றால் கறுப்பு மசி. பட்டுக்கு மசி ஆகாது என்பதால், முந்தானை ஓரத்தில் சிவப்பு நூலால் சின்னதாகத் தைப்பாள். ஜவுளிக்கடை ஜெகபர் சாதிக் வீட்டுக்கு மூன்று கோடு. முதலாளி சதாசிவம் வீட்டுக்கு இரண்டு கோடும் ஒரு பெருக்கலும். இப்படி நாற்பது வீடு. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நாற்பது குறியும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

ஒரு நாள் ஜெகபர் சாதிக்கின் மனைவி சுலைஹாவின் பட்டுச்சேலை காணாமல் போனது. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. பெருநாளுக்குக் கட்ட வேண்டிய சேலை.

“யார் குறி போட்டது?” என்று கேட்டார் முதலாளி.

“நான்தான்,” என்றாள் அக்கா.

அது பொய். குறி போட்ட அன்று காலை கோத்தா திங்கியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். குறி போட்டது நான். சாயங்காலம் முகத்தில் பவுடர் கலையாமல் திரும்பி வந்து அவள் மீதி வேலையைப் பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டுக்குப் பிடித்துப்போயிருந்தது. நான் தனியாக இருந்தேன் என்று தெரிந்தால் என்னைப் பிடித்துக்கொள்வார்கள் என்றுதான் அப்படிச் சொன்னாள். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

கடை வாசலில் சாமி படத்துக்கு முன் சூடம் ஏற்றினார்கள். “எடுக்கலன்னா கையால அணைச்சு சத்தியம் பண்ணு,” என்றார் முதலாளி. “உண்மை சொல்றவ கையைச் சுடாது.”

அக்கா உள்ளங்கையால் அழுத்தி அணைத்தாள். கை கொப்புளித்தது.

“பார்த்தீங்கல்ல?” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

முதலாளியம்மா உள்ளே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் பார்த்தாள்.

ஒரே வாரத்தில் கோத்தா திங்கிக்காரர்கள் ஆள் விட்டு வேண்டாம் என்றார்கள். அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு பாலோவில் மாமா வேலை செய்த எஸ்டேட்டுக்குப் போனார். எங்களுக்கு முன்னாலேயே கதை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது கங்காணியே அவளை ‘பட்டுச்சேலை’ என்றுதான் கூப்பிட்டான். எனக்குக் கல்யாணம் ஆனது. அவளுக்கு ஆகவில்லை.

“வாங்க ஆன்ட்டி, உள்ள ஏசி இருக்கு,” என்று தேன்மொழி என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

உள்ளே கரி இஸ்திரிப் பெட்டிகளில் மண் போட்டுச் செடி வளர்த்திருந்தார்கள். துவைக்கிற தொட்டியின் மேல் கண்ணாடி போட்டு மேசையாக்கியிருந்தார்கள். அதைச் சுற்றி நின்று சிங்கப்பூர்ப் பிள்ளைகள் படம் எடுத்தார்கள். கடைக்காரர் லோகேஸ்வரன், சதாசிவத்தின் மகன். நாங்கள் ஊரை விட்டுப் போன பிறகு பிறந்தவன். நல்ல பேச்சு, நல்ல சிரிப்பு.

“அப்பா காலத்துல இங்க பதினாலு பேர் வேலை செஞ்சாங்க. எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி,” என்றான்.

“அடடா,” என்றாள் பிரேமலா.

“இதைப் பாருங்க. எங்க அம்மாவோட கல்யாணப் பட்டு.”

சுவரில் கண்ணாடிக்குள் மாம்பழ மஞ்சள். அரக்குக் கரை.

கண்ணாடிக்குக் கிட்டே போனேன். தேன்மொழி குனிந்து முந்தானை ஓரத்தைக் காட்டினாள். “இந்தச் சிவப்புக் குறி என்ன அங்கிள்?”

“அது நெய்தவங்க கையெழுத்து. பழைய காஞ்சிபுரத்துல எல்லாம் இருக்கும்.”

இரண்டு கோடு, ஒரு பெருக்கல். நான் இடது கைக்காரி. என் தையல் எப்போதும் இடது பக்கம் சாயும். ‘காத்துல சாஞ்ச வேலி மாதிரி தைக்கிறடி’ என்று அக்கா எத்தனையோ முறை பிரிக்கச் சொல்லியிருக்கிறாள். அந்த வேலி கண்ணாடிக்குள் இருந்தது.

அன்று முதலாளி வீட்டு மூட்டையும் ஜெகபர் சாதிக் வீட்டு மூட்டையும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. மூன்று கோடு தைக்க வேண்டிய சேலையில் முதலாளி வீட்டுக் குறியைத் தைத்திருக்கிறேன். சேலை நேராக அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறது. யாரும் எடுக்கவில்லை. வந்து சேர்ந்ததைத் திருப்பிக் கொடுக்காமல் ஒருத்தி பெட்டியில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

“தம்பி, அம்மா இதைக் கட்டிப் பார்த்திருக்கியா?”

“அதான் அதிசயம் ஆன்ட்டி. ஒரு நாளும் கட்டினதில்ல. அவங்க தவறின பிறகு பெட்டியோட அடியில, பேப்பர்ல சுத்தி இருந்துச்சு. கல்யாணப் பட்டாத்தானே இருக்கணும்?”

“கல்யாணத்துல எடுத்த படம் இருக்கா?”

“இருக்கு. ஆனா கறுப்பு வெள்ளை.”

“அந்தக் குறி நெய்தவங்க போட்டது இல்ல. டோபி குறி. உங்க வீட்டுக் குறி. நான் போட்டது.”

“ஐயோ, அலமாக்,” என்றாள் பிரேமலா. “தெருவே தெரியாதுன்ன?”

சொன்னேன். உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சூடத்தைச் சொல்லும்போது லோகேஸ்வரன் காப்பி மெஷினைப் பார்த்தான்.

“ஆன்ட்டி, எங்கம்மா அப்படிப்பட்டவங்க இல்ல.”

“எங்கக்காவும் இல்ல.”

“சரி, யார் மேல தப்புன்னு இப்ப பேசி என்ன? எல்லாம் போயிட்டாங்க.”

“எங்கக்கா இருக்கா. பாலோவில. கையைத் திருப்பிக் காட்டச் சொன்னா காட்டுவா.”

தேன்மொழிதான் மெதுவாக ஆரம்பித்தாள். “அங்கிள், இதை ஒரு அட்டையில எழுதிப் பக்கத்துல வைக்கலாமே. வர்றவங்க நின்னு படிப்பாங்க.”

“அது நல்லாயிருக்கும்லா,” என்றான் அவன். முகம் தெளிந்தது. “காணாமல் போன பட்டுச்சேலைன்னு தலைப்புப் போடலாம்.”

“எங்கக்கா பேரைப் போடுவியா? பேச்சியம்மாள் எடுக்கலன்னு?”

“பேரெல்லாம் எதுக்கு ஆன்ட்டி? ஒரு வேலைக்காரப் பொண்ணுன்னு போட்டுக்கலாம். அவங்க பேரைப் போட்டா அம்மா பேரும் வரும்ல. நாளைக்கு எம்புள்ளைங்க படிக்கும்.”

“அடியில அம்மா கல்யாணப் பட்டுன்னு எழுதி ஒட்டியிருக்கே, அதையாச்சும் எடுப்பியா?”

“பார்க்கலாம் ஆன்ட்டி. நீங்க உட்காருங்க. காப்பி போடச் சொல்றேன், காசு வேணாம்.”

நான் உட்காரவில்லை. முந்தானை ஓரத்தை மட்டும் போனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் பிரேமலா என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து யோங் பெங் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

எனக்கோ மனசு பறந்துகொண்டிருந்தது. ஐம்பத்தொரு வருடம். இனி எவளும் அக்காவை ஒரு சொல் சொல்ல முடியாது. கையில் சாட்சி இருக்கிறது.

மறுநாள் மகன் என்னைப் பாலோவில் இறக்கிவிட்டுப் போனான். அக்கா முன்கூடத்தில் மொச்சைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

“போகாதன்னேன்ல?”

“இதைப் பாரு முதல்ல.”

போனை வாங்கினாள். அந்தக் கையில்தான் தழும்பு, ரூபாய் வட்டத்துக்கு, தோல் இழுத்துக்கொண்டு. விரலால் நான் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவளுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

“உன் தையல்,” என்றாள்.

“ஆமாக்கா. குறி மாத்திப் போட்டுட்டேன். அவங்க வீட்டுக்கே போயிருக்கு. அந்தம்மா வச்சுக்கிட்டு வாயைத் திறக்கல. நீ எடுக்கலக்கா. நீ எடுக்கவே இல்ல.”

அக்கா என்னைப் பார்த்தாள்.

“நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும்டி. நீ யாருக்குச் சொல்ற?”



நான் சரியாகத்தான் குறி போட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் சாயங்காலம் திரும்பி வந்தவள்தானே எடுத்திருக்க வேண்டும். பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், கல்யாணம் கூடி வந்தது, ஒரு பட்டுக்கு ஆசைப்பட்டிருப்பாள். இதை நான் வெளியில் சொன்னதில்லை, ஒரு தடவையைத் தவிர. அப்பா செத்த வருடம், வீட்டைப் பங்கு பிரிக்கும் சண்டையில், ‘ஒரு சேலைக்கு ஆசைப்பட்டு எங்க எல்லாரையும் எஸ்டேட்டுக்கு இழுத்துட்டு வந்தவதானே நீ’ என்று கேட்டுவிட்டேன். அதை அவள் மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

“கங்காணி சொன்னான், தாங்கிக்கிட்டேன்,” என்றாள் அக்கா. “மாமா பொண்டாட்டி சொன்னா. கோயில்ல குத்துவிளக்கைத் தொடாதன்னு சொன்னாங்க. அவங்களுக்கெல்லாம் தெரியாது, நான் யாருக்காகக் கையை வச்சேன்னு. உனக்குத் தெரியும்.”

“அக்கா...”

“உனக்கும் போட்டோ வேண்டியிருந்துச்சு.”

போனை என் மடியில் வைத்தாள். மொச்சைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“உன் மகனுக்குப் போன் பண்ணு. தூரம் போயிருக்க மாட்டான். வந்து கூட்டிட்டுப் போகட்டும்.”