பெர்மெத்தின் இடது கண்

தேர்வு இனிமேல் காகிதத்தில் இல்லை, கைபேசியில்தான் என்று நாரின் நகரத்து மருத்துவக் கல்லூரியில் அறிவிப்பு வந்ததும் செவிலியர் இரண்டாம் ஆண்டு வகுப்பே துள்ளிக் குதித்தது. உறைந்து கிடக்கும் மண்டபத்தில் விரல் விறைக்க எழுத வேண்டாம். கையெழுத்து சரியில்லை என்று யாரும் மதிப்பெண்ணைக் குறைக்கப் போவதில்லை. பின்வரிசைப் பையன்களுக்கு அதில் வேறு ஆசைகளும் இருந்தன. காகிதமா, கைபேசியா என்று பெயருக்குக் கருத்துக் கேட்டு வந்த படிவத்தில் நாற்பது பேர் கைபேசி என்று எழுதினார்கள். காகிதம் என்று எழுதியவள் பெர்மெத் ஒருத்திதான்.

"உனக்கு மட்டும் என்னடி வந்துச்சு?" என்றாள் விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருக்கும் ஜைபாரா. "போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு, டீயக் குடிச்சுக்கிட்டே பரீட்ச எழுதலாம். கசக்குதா?"

"காப்பியடிக்கிறோமான்னு அந்தப் பரீட்ச செயலி கேமரா வழியா நம்ம கண்ணயே பாத்துக்கிட்டு இருக்குமாம். எனக்குப் பயமா இருக்கு."

பெர்மெத்துக்குப் பிறவியிலிருந்தே மாறுகண். வலது கண் நேரே பார்க்கும்போது இடது கண் ஜன்னல் பக்கம் போய்விடும். பள்ளியில் ஒண்ணரைக்கண்ணு என்று கூப்பிட்டவர்களை அடித்தே வாயடைத்தவள் அவள். செயலியை எங்கே போய் அடிப்பது?

திங்கட்கிழமை மாதிரித் தேர்வு. அறையில் அவள் தனியாக இருந்தாள். இரண்டாவது கேள்வியிலேயே திரையில் மஞ்சள் எழுத்து வந்தது: 'திரையைப் பாருங்கள்.' அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மீண்டும் வந்தது. முகத்தை அசைக்காமல், இமைக்காமல், கண்ணில் நீர் வழிய உற்றுப் பார்த்தாள். மூன்றாவது முறை எழுத்து சிவப்பாகி, தேர்வு மூடிக்கொண்டது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் துணை முதல்வர் தூர்துபெக்கின் முன்னால் போய் நின்றாள். ஆசிரியர்களை அங்கே 'அகாய்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அகாய், எனக்கு மட்டும் காகிதத்துல வைங்க. என் கண்ணு இப்படி..."

"ஒருத்திக்கு வச்சா நாப்பது பேரும் வந்து நிப்பாங்கம்மா." அவர் தலை நிமிரவே இல்லை. "அந்தச் செயலிக்கு ஆளு, பேரு, கண்ணு எதுவும் தெரியாது. எல்லாரையும் ஒரே மாதிரிதான் பாக்கும். போய்ப் படி."

வியாழக்கிழமை உடற்கூறியல் தேர்வு. காலையில் ஜைபாராதான் வழி சொன்னாள்.

"நாம நர்சுதானடி? கட்டுப்போடத் தெரியாதா? இடது கண்ண மூடிட்டா அது எங்க போனா யாருக்கென்ன?"

பெர்மெத் துணியை மடித்து வைத்து, இடது கண்ணை மறைத்துக் கட்டினாள். தேர்வு தொடங்குமுன் செயலி அவள் முகத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டது. அதன்பிறகு ஓர் எச்சரிக்கையும் வரவில்லை. அன்று மட்டுமல்ல, அடுத்து வந்த மூன்று தேர்வுகளிலும் வரவில்லை. எழுதும்போது மட்டும், ஏதோ ஒன்று தன்னை நம்பிவிட்டது, இதற்கு ஒருநாள் கணக்குக் கேட்கும் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

பதினைந்து நாள் கழித்து முடிவு வந்தது. நான்கிலும் தொண்ணூறுக்கு மேல். மருத்துவமனைப் பயிற்சிக்கான அட்டையை வாங்க எல்லோரும் அலுவலகத்தில் வரிசையில் நின்றார்கள். மேசையில் இருந்த கேமராவுக்கு முகத்தைக் காட்டினால், தேர்வில் எடுத்த படத்தோடு ஒத்துப் பார்த்த பிறகு அட்டை வரும். ஜைபாராவுக்கு வந்தது. பெர்மெத் முகத்தைக் காட்டினாள். 'பொருந்தவில்லை.' திரும்பக் காட்டினாள். 'பொருந்தவில்லை. சந்தேகம்.'

எழுத்தர் துணை முதல்வரைக் கூப்பிட்டார். தூர்துபெக் திரையைத் தன் பக்கம் திருப்பினார். அதில் ஒற்றைக் கண்ணில் கட்டோடு ஒரு பெண் இருந்தாள்.

"யாரு இது?"

"நான்தான் அகாய்."

"நீ இங்க நிக்கிற. கண்ணுல ஒரு காயமும் இல்ல. அப்ப நாலு பரீட்சையும் எழுதினது யாரு?"

வரிசையிலிருந்த நாற்பது பேருக்கும் அவளைத் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேசினால் தங்கள் அட்டைக்கும் ஏதாவது வந்துவிடுமோ என்று வாங்கிவிட்டவர்கள் கையிலிருந்த அட்டையைச் சட்டைப்பைக்குள் தள்ளிக்கொண்டார்கள். ஜைபாரா மட்டும் முன்னால் வந்தாள்.

"அவதான் எழுதினா அகாய். கட்டுப்போடச் சொன்னதே நான்தான்."

"அப்ப ரெண்டு பேரும் சேந்து ஏமாத்தியிருக்கீங்க." ஜைபாராவின் கையிலிருந்த அட்டையை அவர் வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

ஒரு வாரம் விசாரணை நடந்தது. பெர்மெத் நான்கு தேர்வையும் மறுபடி எழுத வேண்டும், அதுவும் காகிதத்தில் என்று முடிவாயிற்று. கேட்டது கிடைத்தது. ஆனால் கிடைத்த விதம்தான் வேறு. காலி மண்டபத்தில் ஒரே ஒரு மேசை. எதிரே, வேறு ஊரிலிருந்து வரவழைத்த கண்காணிப்பாளர் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

பத்து நிமிடம் போயிருக்கும்.

"எங்கம்மா பாக்குற? தாளப் பாத்து எழுது."

"தாளத்தான் அகாய் பாக்குறேன்."

அவர் அவள் பார்க்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே பனி படர்ந்த ஜன்னல்தான் இருந்தது. எழுந்து போய் திரைச்சீலையை இழுத்துவிட்டு வந்து, தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

நான்கிலும் தேறினாள். ஜைபாராவின் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். பெர்மெத்துக்கும் ஓர் அட்டை வந்தது. அதில் அவள் பெயருக்குக் கீழே 'சந்தேகம்' என்ற சொல் அப்படியே இருந்தது. எழுத்தரிடம் கேட்டாள்.

"அத எப்படி எடுக்கிறதுன்னு இங்க யாருக்கும் தெரியாதும்மா," என்றார் அவர். "இருந்துட்டுப் போகட்டும். அடுத்தவங்கள வரச் சொல்லு."