முதுகுப் பொருத்தம்

எங்கள் நாட்டில் ஜனாதிபதி வேட்பாளரையும் துணை ஜனாதிபதி வேட்பாளரையும் முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டித்தான் பிரசாரத்துக்கு அனுப்புவார்கள். ஜனாதிபதி வேட்பாளர் எதிரே வரும் ஜனங்களைப் பார்ப்பார். வண்டி கடந்த பிறகு அதே ஜனங்களின் முகம் என்னவாகிறது என்று துணை வேட்பாளர் பார்ப்பார். ஜெயித்தால் பதவிக்காலம் முழுக்க அப்படியே இருக்க வேண்டும். கட்டுவதற்கு ஒரு எட்டு முழ வேட்டி போதும். டாக்டர் வேதநாயகியின் பிரசாரப் பொறுப்பாளன் என்ற முறையில் அந்த முடிச்சைப் போடுவது என் வேலை.

போன தேர்தலில் டாக்டரம்மாவுக்கு முதுகாக இருந்தவர் அருமைநாதன். தங்கமான மனிதர், அதுதான் காரியத்தைக் கெடுத்தது. வண்டி கடந்ததும் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்கள். அவரோ, எல்லோரும் கையசைத்துக்கொண்டே நிற்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். மனசு நோகக் கூடாது என்ற நல்லெண்ணம். டாக்டரம்மா வெற்றி விழாவுக்குப் பந்தல் போடச் சொல்லிவிட்டு டெபாசிட்டை இழந்தார்.

இரண்டாவது முறையும் தோற்றவர்கள் அதற்குப் பிறகு எந்தத் தேர்தலிலும் முன்பக்கம் பார்க்கக் கூடாது என்பது சட்டம். வேண்டுமானால் யாருக்காவது முதுகாகப் போகலாம். டாக்டரம்மா கால்நடை மருத்துவராக இருந்தவர், மாட்டின் கண்ணைப் பார்த்தே நோயைச் சொன்னவர். நேருக்கு நேர் பார்க்க முடியாத பிழைப்பை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதனால் இந்த முறை முதுகு தேடுவதில் கட்சி கவனமாக இருந்தது. வடக்கே ஓட்டு குறைவு, வடக்கத்தி முதுகாகப் பாருங்கள் என்றார்கள் சிலர். அகலமான முதுகுள்ள அரிசி ஆலை முதலாளி ஒருவரைக் கூட்டிவந்தார்கள். கட்டி முடித்ததும் அவர் தூங்கிவிட்டார். பிறகு ஒரு சினிமா நடிகரை வைத்து ஒத்திகை பார்த்தோம். அவர் முகத்தைப் பார்க்க ஊரே வண்டிக்குப் பின்னால் ஓடியது. டாக்டரம்மா வெறும் சாலையைக் கும்பிட்டுக்கொண்டே போனார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

மனு தாக்கலுக்கு முந்தின நாள் டாக்டரம்மா, கோமளத்தைக் கேட்டால் என்ன என்றார். கோமளம் அவருடைய நாத்தனார், கணவரின் தங்கை. இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகு காலமாகிறது. போன தேர்தல் அவசரத்தில் டாக்டரம்மா தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை நேரில் போய் வைக்காமல் தபாலில் அனுப்பிவிட்டார். அதுவும் பெண்ணின் சொந்த அத்தைக்கு. கோமளம் கல்யாணத்துக்கு வரவில்லை.

கட்சிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பேசாதவர்களை எப்படிச் சேர்த்துக் கட்டுவது என்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே தேவையில்லாத வேலைக்கு இவர்களைவிடத் தோதானவர்கள் கிடையாது என்று எனக்குப் பட்டது. அதோடு, மனசில் இல்லாத ஒரு நல்ல வார்த்தையைக் கோமளம் யாரிடமும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, குங்குமச் சிமிழ் எல்லாம் எடுத்துக்கொண்டு நேரில் போனோம். கோமளம் வாசலிலேயே நின்று தட்டை ஒரு நோட்டம் விட்டார். தபாலில் கூப்பிட்டால் தபாலில்தானே வர முடியும், எடை அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று என்னிடம் சொன்னார், டாக்டரம்மாவிடம் அல்ல. அது உண்மைதான். கோமளத்தின் முழங்கையில் தபால் முத்திரை இன்னும் லேசாகத் தெரிந்தது.

"தப்பு என் மேலதான் கோமளம்" என்றார் டாக்டரம்மா.

கோமளம் தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்துக்கொண்டார். "பாத்ததைத்தான் சொல்லுவேன். கூட்டிச் சொல்ல மாட்டேன், குறைச்சும் சொல்ல மாட்டேன்" என்றார். கட்டுவதற்குக் கொண்டுபோயிருந்த வேட்டியை நான் பிரித்து உதறினேன். உயரம் கச்சிதமாகப் பொருந்தியது.

முதல் தெருவிலேயே கோமளம் ஆரம்பித்துவிட்டார். இரண்டு பேர் கொட்டாவி விடுகிறார்கள். ஒரு பெரியவர், இந்தம்மா மாட்டோடயே இருந்திருக்கலாம் என்கிறார். நீலக் கதவு வீட்டுப் பெண் நம் நோட்டீஸில் மீனைப் பொதிகிறாள். டாக்டரம்மாவின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் வண்டியைத் திருப்பச் சொன்னார். அவர் மட்டும் திரும்பினால் கோமளமும் கூடவே திரும்பிவிடுவார் என்பதால், தெருவையே சுற்றிவந்து நீலக் கதவு வீட்டின் எதிரில் நின்றோம்.

என்ன குறை என்று டாக்டரம்மா கேட்டதற்கு, ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் இல்லை என்றாள் அந்தப் பெண். எழுதிவைத்த பேச்சை விட்டுவிட்டு டாக்டரம்மா அந்த பஸ்ஸைப் பற்றியே பேசினார். வண்டி நகர்ந்ததும் அவள், ஓட்டுக் கேட்கும்போது மட்டும் இவர்களுக்குக் காது கேட்கிறது என்று முனகினாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள் என்றும் கோமளம் சேர்த்துக்கொண்டார். மீனை வேறு தாளுக்கு மாற்றிவிட்டாள் என்றும் சொன்னார்.

அதன் பிறகு எல்லா ஊர்களிலும் ஒவ்வொரு தெருவையும் இரண்டு முறை சுற்றினோம். எங்களுக்கு வாய்ப்பே இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. நிருபர்கள் எப்போதும் வண்டிக்கு முன்னால்தான் நிற்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பிரசாரத்தின் கடைசித் தெருவில் கோமளம் வாயே திறக்கவில்லை. முன்னால் எல்லோரும் கும்பிட்டார்கள், சிரித்தார்கள். போன முறையும் அப்படித்தான் சிரித்தார்கள்.

"என்ன கோமளம், எல்லாரும் உள்ள போயிட்டாங்களா?"

"ஒருத்தரும் போகல மதினி."

"அப்ப நிக்கிறாங்களா?"

"நிக்கவும் இல்ல. வாராங்க."

டாக்டரம்மா அழுதார். கோமளம் பின்பக்கமாகக் கையை நீட்டி அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டார். டிரைவருக்குப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வீடுகள், வாசற்படியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் கடைசியில் ரேஷன் கடை. மெதுவாகப் போகச் சொல்லி டிரைவரின் தோளைத் தட்டினேன். மாடி வீடுகளுக்கு மூச்சு வாங்கியது.